கொங்கு நாட்டில் உள்ளூர் கால்பந்து: ரசிகர் வட்டம் எங்கே உருவாகிறது?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் சீசனின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி எஃப்சி ஜெயித்தால், அகில இந்தியக் கால்பந்துப் போட்டியான ஐ-லீக்கின் பட்டம் அவர்களுக்கு. சறுக்கினால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும் நிலை. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. இங்கே ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதுதான் கணக்கு. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. ஆனாலும் 43க்கு 42 என்று ஒரே புள்ளியில் ஐ-லீக் கோப்பை முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. வந்த இடம் கோவை.

அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் கண் விரியச் சொல்வார்கள். அடுத்து இன்னொன்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பக்கத்தில் நின்று கட்டிப்பிடித்துக் கத்தினாரே, அவர் யார்? பெரும்பாலும் பதில் இருக்காது. "யாரோ ஒரு தாடிக்காரண்ணா" என்பார்கள். அடுத்த வருடம் 2020 மார்ச்சில் கொரோனா வந்து லீக்கைப் பாதியில் நிறுத்தியது. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்தில், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. அதற்கடுத்த சீசனில் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. கோப்பையை வென்ற ஊரில், கோப்பை வந்து மூன்று வருடத்துக்குள், சேர்ந்து போய்ப் பார்க்க ஐ-லீக் ஆட்டம் எதுவும் இல்லாமல் போனது.

அந்தக் கூட்டம் ஏன் கலைந்தது என்பதை அணி நிர்வாகத்தின் கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அணி போன பிறகும் ரசிகர்கள் நிலைத்து நின்ற ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன. கோவையில் அப்படி நடக்கவில்லை. என் எண்ணம் இதுதான்: ரசிகர் வட்டம் உருவாகக் கோப்பை பெரிதாக உதவுவதில்லை. ஒரே முகங்களை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அந்த இடத்தில் நமக்கென்று ஒரு சின்ன வேலையும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் நேரு ஸ்டேடியத்தில் கிடைத்ததைவிட, சுண்ணாம்புக் கோடு போட்ட சின்ன கிரவுண்டுகளில்தான் அதிகம் கிடைக்கின்றன.

மில் இருந்தது, சனிக்கிழமை மதியம் இல்லை

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அந்த ஒப்பீட்டைக் கால்பந்து வரைக்கும் யாரும் கொண்டு போவதில்லை. போனால் சுவாரசியமான ஒரு விஷயம் கிடைக்கும். ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கிய ஆண்டு 1888. இங்கிலாந்தில் ஃபுட்பால் லீக் பிறந்ததும் 1888. முதல் சீசனில் ஆடிய 12 கிளப்புகளில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. பிரெஸ்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, அக்ரிங்டன் எல்லாம் பஞ்சாலை ஊர்கள்.

அந்த ஊர்களில் கால்பந்து அப்படி வேர்விட்டதற்கு ஒரு சட்டமும் காரணம். 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் சிறார்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் பஞ்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது. அதனால் ஆண்களுக்கும் அந்த மதியம் ஓய்வாகக் கிடைத்தது. ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வேலை முடிகிறது, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, வீட்டுக்குப் போகிற வழியில் மைதானம் இருக்கிறது. மூன்று மணிக்கு ஆட்டம் என்ற வழக்கம் இப்படித்தான் நிலைத்தது. ஒரே மில்லில் வேலை செய்தவர்கள், ஒரே தெருவில் குடியிருந்தவர்கள், ஒரே இடத்தில் நின்று பார்த்தார்கள். ரசிகர் வட்டம் என்று தனியாக ஒன்றை அங்கே யாரும் உருவாக்க வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே இருந்த வட்டம் மைதானத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

கோவை மில்கள் மூன்று ஷிப்டில் ஓடின. பகல் ஷிப்ட் சங்கு ஊதும்போது ஒருவர் வெளியே வருவார், பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போவார். ஊர் முழுவதும் சேர்ந்து ஓய்ந்திருக்கும் மதியம் என்று ஒன்று அமையவே இல்லை. இன்றைய திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் சர்வசாதாரணம். காலை எட்டரைக்குப் போனவர் வெளியே வர இரவு எட்டு எட்டரை ஆகிவிடும். சனிக்கிழமை இரவு சம்பளம். ஞாயிறு ஒரு நாள்தான் துவைக்க, சமைக்க, சந்தைக்குப் போக, ஊருக்குப் போய்வர. மாலை ஐந்து மணிக்கு ஸ்டேடியத்தில் பெரிய ஆட்டம் என்று போஸ்டர் ஒட்டினால் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எப்படி வருவார்? கொங்கு மக்களுக்குக் கால்பந்தில் நாட்டமில்லை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். நாட்டம் இருக்கிறது. அதற்கு ஏற்ற நேரம்தான் யாரும் கொடுக்கவில்லை.

பஞ்சாலைக்கும் கால்பந்துக்கும் இந்தியாவில் தொடர்பே இல்லாமலும் இல்லை. 1996-97-ல் தேசியக் கால்பந்து லீக் முதல் முறையாக நடந்தபோது வென்றது பஞ்சாபின் பக்வாராவிலிருந்த ஜேசிடி மில்ஸ் அணி. ஜவுளி ஆலை நடத்திய அணி. 2011-ல் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். முதலாளி நினைத்தால் தொடங்கலாம், நினைத்தால் மூடலாம் என்பதுதான் கம்பெனி அணிகளின் விதி. அதற்கு ரசிகர்கள் பழிபோட ஆளும் இல்லை, தடுக்க வழியும் இல்லை.

முப்பது மணி நேரம் போதாது

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இரண்டு பேர் நண்பர்களாக எவ்வளவு நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தெரிந்த முகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பு என்ற நிலைக்கு வர ஏறக்குறைய 50 மணி நேரம் தேவைப்படுகிறது, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று அவர் கண்டார். இந்தக் கணக்கு அமெரிக்கர்களை வைத்துப் போட்டது. நம் ஊரில் ஒரு டீயிலேயே அண்ணன் தம்பி ஆகிவிடுவோம் என்று சொல்லலாம். ஆனாலும் ஓர் அளவுகோலாக வைத்துப் பார்ப்போம்.

பட்டம் வென்ற 2018-19 சீசனில் லீக்கில் 11 அணிகள். கோவையில் 10 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்று மணி நேரம் என்று வைத்தாலும், ஒன்றுகூட விடாமல் வந்தவருக்கு வருடத்தில் 30 மணி நேரம். அதிலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் வேறு. ஆடுபவரின் முகம் தெரியாது, அவர் காதில் நம் குரல் விழாது. சேர்ந்து கத்துவதற்கு ஒரு மூலை, ஒரு ஸ்டாண்டு என்று பழகுவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

மற்ற ஊர்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் பதில். இந்தியாவின் மேல்நிலை லீக்கான ஐஎஸ்எல்லில் ஆடும் சென்னையின் எஃப்சி என்ற அணியின் ரசிகர்களில் ஒரு குழுவுக்கு பி ஸ்டாண்டு ப்ளூஸ் என்றே பெயர். பெங்களூரு எஃப்சிக்கு வெஸ்ட் பிளாக் ப்ளூஸ். உட்காரும் இடமே பெயராகிவிட்டது. இங்கே வந்தால் இவர்கள் இருப்பார்கள் என்று புதிதாக வருகிறவருக்கும் தெரியும். கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்ஞப்பட இன்னும் ஒரு படி மேலே. ஆட்டம் இல்லாத நாளிலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. பேனர் வரைவது, பஸ் பிடித்து வெளியூர் ஆட்டத்துக்குப் போவது, கொட்டுக்காரர்களைத் திரட்டுவது. மைதானத்துக்கு வெளியே செலவழிக்கும் அந்த மணி நேரங்கள்தான் ஹாலின் கணக்கில் மீதியை நிரப்புகின்றன.

கோவைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1946-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய ஒரு கிளப், ஐ-லீக்கில் சேர்ந்த பிறகு கோவைக்கு வந்து, சென்னை என்ற பெயரோடேயே ஆடியது. கோவை ரசிகர்கள் பெருந்தன்மையாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் திருப்பூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஒருவரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வர, "நம்ம டீமுங்க" என்ற ஒரு சொல் போதும், அந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்ல முடியவில்லை. கொங்கு நாட்டுக்கு ஒரே தலைநகரம் என்று கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் என்று ஒவ்வொன்றும் தனித் தொழில், தனிப் பெருமை உள்ள ஊர். ஈரோட்டிலிருந்து கோவை 100 கிலோமீட்டர். அத்தனை தூரம் வர, பெயரிலாவது தன் மண் இருக்க வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்த்தால் அதில் தப்பில்லை.

அணி ஆடிய ஆட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில் பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்ன பாஸாகப் போட்டு அவர்கள் ஆடியது கண்ணுக்கு விருந்து. மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். பட்டம் வென்றதும் மேலே போக வழி இருந்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்னவோ. ஐ-லீக் வெற்றியாளருக்கு ஐஎஸ்எல் கதவு 2022-23 சீசனிலிருந்துதான் திறந்தது. 2019-ல் ஜெயித்தவர்களுக்கு ஆசியக் கிளப் போட்டிகளில் ஆட இடம் கிடைத்ததோடு சரி.

கோட்டுக்கு ஓரத்தில்

இப்போது வேறு ஒரு கிரவுண்டுக்குப் போவோம். மாவட்ட லீக் ஆட்டம் நடக்கும் ஏதோ ஒரு கல்லூரி மைதானமோ பள்ளி மைதானமோ. ஞாயிறு காலை ஏழு மணி. ஒருவர் வாளியில் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு பெனால்டி பாக்ஸ் கோட்டைப் போட்டுக்கொண்டிருப்பார். இன்னும் இரண்டு பேர் கோல் கம்பத்தில் நெட் கட்டுவார்கள். நெட்டில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும், பிளாஸ்டிக் கயிறு போட்டு முடிச்சுப் போடுவார்கள். கேலரி கிடையாது. வேப்ப மரத்தடியில் பைக்குகளை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருப்பவர்கள்தான் பார்வையாளர்கள். முப்பது பேர் இருந்தால் அதிகம்.

அதில் புதிதாக ஒருவர் போய் நின்றால் என்ன நடக்கும் என்று கவனித்தால், ரசிகர் வட்டம் உருவாகும் விதம் முழுவதும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் அவர் தள்ளித்தான் நிற்பார். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தில் இருப்பவரிடம், "ஏனுங்ணா, இது யாருக்கும் யாருக்கும்?" என்பார். "செவப்பு நம்ம பசங்க. வெள்ளை போத்தனூர் டீம்" என்று பதில் வரும். கேட்டவர் எந்த அணி என்று இன்னும் சொல்லவே இல்லை, ஆனால் "நம்ம பசங்க" என்பதில் அவரையும் சேர்த்துக்கொண்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் பந்து அவர் பக்கம் உருண்டு வரும். அவர் எடுத்துப் போடுவார். அடுத்த முறை பந்து வெளியே பறந்தால் எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள், அவர் ஓடுவார். இடைவேளையில் தண்ணீர் கேனைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்பார்கள். ஆட்டம் முடிந்ததும், "வாங்கண்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்பார்கள். கொங்கு நாட்டில் டீ என்றால் பேக்கரி. தேங்காய் பன்னும் டீயும் வைத்துக்கொண்டு, ரெஃபரி கொடுக்காமல் விட்ட பெனால்டியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பதும் அங்கேதான் தெரியவரும், வாட்ஸ்அப் குரூப்பில் நம்பரைச் சேர்ப்பதும் அங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த முப்பது பேரும் சும்மா பார்ப்பவர்கள் இல்லை என்பது. ஒருவர் முன்னாள் ஸ்டாப்பர், இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறார், அணிக்கு ஜெர்சி அவர் உபயம். ஒருவர் கோல் கீப்பரின் அப்பா. ஒருவர் ஸ்ப்ரேயும் பேண்டேஜும் கொண்டுவருகிறவர். ரெஃபரி ஃபீஸ், நுழைவுக் கட்டணம், புது பந்து என்று எல்லாம் இவர்கள் கையிலிருந்து போவதுதான். அவர்களில் யாராவது ஒரு வாரம் வராவிட்டால், "என்னாச்சு, ஆளையே காணோம்?" என்று போன் வரும். பத்தாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் நான் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே கவனிப்பார்கள். ஒரு வட்டத்தில் இருக்கிறோம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவமும் இருக்கிறது. நம் வட்டங்களில் பெரும்பாலானவை பிறப்போடு வருபவை. குலதெய்வக் கோயில், கூட்டம் என்கிற குலப்பிரிவு, பங்காளிகள், மாமன் மச்சான் முறை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வியே, "எந்தூருங்க தம்பி, யாரு ஊட்டுப் பையன்?" என்பதுதான். அன்போடு கேட்பதுதான், ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கோட்டுக்கு ஓரத்தில் முதல் கேள்வி, "எந்த பொசிஷன் ஆடுவீங்க?" அல்லது "ஆடுவீங்களா, பாக்கத்தானா?" என்று வருகிறது. சாதி அங்கே காணாமல் போய்விடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். அணிகளே சில இடங்களில் தெரு வாரியாகப் பிரிந்துதான் இருக்கின்றன. ஆனாலும் வெளியிலிருந்து வந்த ஒருவர் தொடர்ந்து ஆறேழு வாரம் வந்து நின்றாலே உள்ளே ஓர் இடம் கிடைக்கிற அமைப்புகள் நம் ஊரில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

இப்படிச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவர்களும் இல்லை நாம். மாரியம்மன் நோம்பி வந்தால் கம்பம் நடுவதிலிருந்து கடைசி நாள் வரை யார் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே மனப்பாடம். வரி வசூல், ஜமாப் செட், சீரியல் லைட், அன்னதானம் எல்லாம் தலைக்கு ஒரு பொறுப்பாகப் பிரிந்திருக்கும். அதே கைகளும் அதே பழக்கமும்தான் உள்ளூர் அணிக்குத் தேவைப்படுவது. வருடத்துக்கு ஒருமுறை என்பது வாரத்துக்கு ஒருமுறை ஆகிறது.

வாளையாறுக்கு இந்தப் பக்கம்

கோவையின் கால்பந்து ஆர்வத்தைக் கேரள எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச்சாவடியை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரவில்லை. அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, அணிக்கு ஏழு பேராக ஆடும் மலபாரின் செவன்ஸ் ஆட்டம், அந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த மனிதர்கள், அவர்கள் நடத்தும் டீக்கடைகள், பேக்கரிகள் எல்லாம் சேர்ந்து வந்தன. உலகக் கோப்பை வந்தால் உக்கடம், குனியமுத்தூர், போத்தனூர் பக்கம் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் எதிரெதிரே நிற்கும். மலைப்பக்கம் வால்பாறை எஸ்டேட்டுகளில் தொழிலாளர்கள் தலைமுறையாகப் பந்தாடுகிறார்கள்.

திருப்பூரில் இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது. வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள். மோகன் பகான் ஈஸ்ட் பெங்கால் சண்டையைத் தாய்ப்பாலோடு குடித்த பையன்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை காலி மனையில் இரண்டு செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து ஆடுகிறார்கள். அவர்களுக்கும் நம் மாவட்ட லீக் அணிகளுக்கும் நடுவே கதவு இருக்கிறது என்பதே இரு பக்கத்துக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. மொழி தெரியாத ஊரில் ஒருவன் முதலில் புரிந்துகொள்ளக்கூடியது ஆஃப்சைட் கொடியைத்தான். ஓர் அணி இவர்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால், பின்னாலேயே அவர்களுடைய ரூம் நண்பர்கள் பத்துப் பேர் வந்து கோட்டோரம் நிற்பார்கள். அணிக்கு ஆள் கிடைக்கும், அவர்களுக்கு ஊர் கிடைக்கும். இதை அணிகள் தள்ளிப்போடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

பெண்கள் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். மதுரையின் சேது எஃப்சி 2018-19-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்துக்கு ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் பார்க்க வரும் பெண்ணுக்கு மைதானத்தில் ஒரு சுத்தமான கழிப்பறை இல்லை, ஆட்டம் முடிந்து இருட்டியபின் ஏற ஒரு பஸ் இல்லை என்றால், அந்த வட்டம் ஆண்கள் வட்டமாகவேதான் இருக்கும். புரவலரைப் பிடித்து டிராஃபியின் உயரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக அந்தப் பணத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடலாம்.

அணி போனாலும் நின்றவர்கள்

தெற்கு லண்டனில் விம்பிள்டன் எஃப்சி என்று ஒரு கிளப் இருந்தது. 2002-ல் அதன் உரிமையாளர்கள் கிளப்பை 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கினார்கள். ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி, பொது மைதானத்தில் ஆட்களைத் தேர்வு செய்து, லீக் ஏணியின் ஒன்பதாவது படியிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். 2011-ல் ஃபுட்பால் லீக்குக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய இடமான பிளவ் லேனுக்குப் பக்கத்தில் சொந்த மைதானத்துக்கே திரும்பினார்கள்.

அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், அணி போவதற்கு முன்பே அவர்களுக்குள் பழக்கம் இருந்தது. யார் கணக்கு எழுதுவார், யார் வக்கீல், யாருக்கு அச்சகம் இருக்கிறது, யார் சொன்னால் நாலு பேர் வருவார்கள் என்று தெரியும். பல வருடம் ஒரே இடத்தில் நின்று பழகியதில் சேர்ந்த அறிவு அது. கோவையில் கோப்பை வந்தபோது நமக்குள் அந்தப் பழக்கம் சேரவில்லை. சேர நேரமும் கிடைக்கவில்லை.

நம்மிடம் அவர்களுக்கு இல்லாத வசதிகளும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு சின்ன கிளப் ரசிகர்கள் தங்களுக்கென்று ஜெர்சியோ ஸ்கார்ஃபோ அடிக்க வேண்டுமானால் வெளியே ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். திருப்பூரில் துணி, கட்டிங், ஓவர்லாக், சப்ளிமேஷன் பிரிண்டிங் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ரசிகர் குழுவில் ஒருவர் செக்கிங்கில் இருந்தால் போதும், ஐம்பது பீஸ் அடக்க விலைக்கே வந்துவிடும். ஒரு மாவட்ட லீக் அணியின் பெயர் போட்ட பனியனை அதன் ரசிகர்கள் முப்பது பேரும் போட்டுக்கொண்டு நின்றால், எதிரணிப் பசங்களும் அடுத்த வாரம் அதைச் செய்வார்கள். ஆட்டத்தின் களையே மாறிவிடும்.

நாளைக்கு ஒரு முதலாளி கோவைக்கோ ஈரோட்டுக்கோ ஒரு பெரிய அணியைக் கொண்டுவரலாம். வரட்டும், சந்தோஷம். ஆனால் அன்றைக்குச் சில விஷயங்களை ரசிகர்கள் முதல் சீசனிலேயே கேட்டு வாங்க வேண்டும். மாவட்ட லீக் அணிகளுக்கு ஆட்டத்தன்று ஒரு தனி ஸ்டாண்டு, வருடம் முழுவதும் அதே இடம். ஜவுளி ஊரின் நேரத்துக்கு ஏற்ப ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பெயரிலும் சின்னத்திலும் இந்த மண். உள்ளூர்ப் பையன்கள் அணிக்குள் வர ஒரு தெளிவான வழி. இதையெல்லாம் கேட்க அன்றைக்கு ஒரு குழு தயாராக இருக்க வேண்டும் என்றால், அது இன்றைக்கே சின்ன கிரவுண்டுகளில் கூடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: மாவட்ட லீக்கின் ஆட்ட அட்டவணை பெரும்பாலும் பத்திரிகையில் வராது, வாட்ஸ்அப்பில்தான் சுற்றும். உங்கள் பக்கத்தில் கோல் கம்பம் உள்ள கல்லூரி மைதானத்துக்கோ அரசுப் பள்ளி மைதானத்துக்கோ ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்ப் பயிற்சியில் இருப்பவர்களைக் கேளுங்கள், எந்த அணி எங்கே ஆடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கோடையில் பள்ளி விடுமுறை விட்டதும் நினைவுக் கோப்பைப் போட்டிகளின் ஃபிளெக்ஸ் பேனர்கள் முச்சந்திகளில் வரும், அதில் அமைப்பாளர்களின் போன் நம்பர் இருக்கும். ஆட ஆள் வேண்டுமோ இல்லையோ, பந்து எடுத்துப் போடவும் நெட் கட்டவும் அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை.